போல்ட்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஆயுத அறைக் கையேடு, விதி 7.3: "ஒரு நேரத்தில் ஒரு துப்பாக்கியை மட்டுமே பிரிக்க வேண்டும். போல்ட்டும் டிரிக்கர் தொகுதியும் ஒரே எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். எண் மாறிய துப்பாக்கியில் கோளாறு நேர்ந்தால், தயாரிப்பாளரிடமிருந்து எழுத்துமூலம் விளக்கம் வரும்வரை விசாரணையை முடிக்கலாகாது."

இந்த மூன்று வாக்கியங்களையும் எழுதியவன் நான். முதல் இரண்டையும் அடுத்தடுத்த நாளில் மீறியவனும் நான். மூன்றாவது வாக்கியத்தில் 'இத்தனை நாளுக்குள்' என்று ஒரு சொல் சேர்க்காமல் விட்ட புத்திசாலியும் நானே. அந்த ஒரு சொல் இல்லாததால் என் பணி ஓய்வு எந்தத் தேதியில் என்பது ஐரோப்பாவில் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போனது.

போன வாரம் செல்வம் போனில் கூப்பிட்டான். துபாய்க்கு வெளியே, ராஸ் அல் கைமா போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய பாலைவனத்தில் நான் வேலை பார்த்த துப்பாக்கி சுடும் கிளப்பில், அவன்தான் இப்போது சுடுதளத்தின் பொறுப்பாளர்.

"அண்ணே, புதுசா ஒரு மெஷின் வந்துருக்கு. போல்ட்ட காட்டுனா பீப்னு ஒரு சத்தம். டிரிக்கர காட்டுனா இன்னொரு பீப். ரெண்டும் ஜோடின்னா பச்சை லைட்டு எரியுது. புதுசா வந்த பசங்க, இதுக்கு முன்னாடி எப்படிப் பாத்தீங்கன்னு கேக்குறாய்ங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாய்ங்க. நீங்களே எழுதி அனுப்புங்க."

எழுதுகிறேன். நம்புவது அவர்கள் பாடு.

பதினெட்டு வயதில் ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். ஜபல்பூரில் பயிற்சி. பதினேழு ஆண்டுகள், ஆறு ஊர்கள். இடையில் தபால் வழியில் பொது நிர்வாகத்தில் முதுகலை. சுத்தியலும் நிர்வாகவியலும் சேர்ந்து என்னைச் சகிக்க முடியாத மனிதனாக்கிவிட்டன என்பது என் மனைவி வசந்தாவின் கருத்து. வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் மல்லித்தூள் டப்பாவுக்கும் எண் ஒட்டியதை வைத்து அவள் அப்படிச் சொல்கிறாள். ஓய்வு பெற்று வந்தபின் வளைகுடா. துபாய் கராமாவில் வீடு. விடிந்ததும் கம்பெனி வேன் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கிளப்.

கிளப்பில் என் பொறுப்பில் பதினாறு ரைபிள்கள் இருந்தன. பார்வைக்கு ராணுவ ரைபிள் போல மிடுக்காக இருக்கும். உள்ளே போவது கைத்துப்பாக்கியின் தோட்டா. சத்தம் குறைவு, தோளில் உதையும் குறைவு. முதல்முறை சுட வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள இதைவிடத் தோதான ஆயுதம் கிடையாது.

இதில் போல்ட் என்பது தோட்டாவின் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் எஃகுக் கட்டி. டிரிக்கர் தொகுதிக்குள் ஹேமர் என்று ஒரு குட்டிச் சுத்தியல். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட் பின்னால் பாய்ந்து அந்தச் சுத்தியலைப் படுக்க வைக்கும். உள்ளே ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். சுடுகிறவர் விரலைத் தளர்த்தி மறுபடி அழுத்தினால்தான் அடுத்த குண்டு போகும். இதெல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் போல்ட்டின் அடிப்பக்க வளைவும் சுத்தியலின் தலையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். எங்களிடம் பத்து ரைபிள்களில் பழைய டிரிக்கர். ஆறில் போட்டிக்காரர்களுக்காக வாங்கிய புதிய, மெல்லிய டிரிக்கர். இரண்டு ரகத்துக்கும் போல்ட் வேறு வேறு. பார்த்தால் தெரியாது. கறுப்பு, வெள்ளை என்று நிறம் மாறுவது பூச்சால்தான், ரகத்தால் அல்ல. மாறினால் சிலது சுடவே சுடாது. சிலது கேட்டதற்கு மேல் சுடும். இரண்டாவதுதான் ஆபத்து.

அதனால் ஒவ்வொரு போல்ட்டிலும் டிரிக்கர் தொகுதியிலும் எண் பொறித்து, சிவப்பு அட்டை போட்ட பதிவேட்டில் ஜோடி ஜோடியாக எழுதி வைத்திருந்தேன். செல்வம் அதற்கு வைத்த பெயர் ஜாதக நோட்டு. மாட்டி முடித்ததும் வெற்றுத் தோட்டா போட்டு ஒவ்வொன்றையும் பத்து முறை இயக்கி, காதை அருகில் வைத்து, கொக்கி பிடிக்கும் 'டிக்' சத்தத்தைக் கேட்க வேண்டும். பொருத்தியவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து.

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு பாக்கலையே," என்பாள் வசந்தா.

"அவ நம்மளக் கேட்டாளா?" என்பேன். உண்மைதான், கேட்கவில்லை. அவள் கல்யாணப் பதிவேட்டில் நாங்கள் இருவருமே கையெழுத்துப் போடவில்லை.

எங்கள் மேலாளர் ஆதில் எகிப்துக்காரர். பொறியாளர் என்பதால் எல்லோரும் 'முஹந்திஸ்' என்றே அழைப்போம். அவர் எதையும் படிக்கும்போது வரிக்கு அடியில் ஒரு எஃகு ஸ்கேலை வைத்துக்கொள்வார். முற்றுப்புள்ளி வந்ததும் ஸ்கேலை நிறுத்தி, எழுதியவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு இறங்குவார். சட்டைப்பையில் இரண்டு பேனா. நீலம் சம்மதத்துக்கு, சிவப்பு மறுப்புக்கு. என் இருபது வருட அனுபவத்தில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் தேநீர் கொடுப்பார். கோபத்தின் அளவைச் சர்க்கரையில் தெரிந்துகொள்ளலாம். ஒரு கரண்டி என்றால் எச்சரிக்கை. இரண்டு என்றால் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்போகிறார். மூன்று கரண்டி நான் பார்த்தது ஒரே ஒரு முறை. குடித்ததும் நான்தான்.

இனி நடந்தது.

அந்த ஆண்டு ஆயுத பூஜை ஒரு திங்கட்கிழமையில் வந்தது. திங்கள் கிளப்புக்கு வார விடுமுறை, பராமரிப்பு நாள். பதினேழு ஆண்டு ராணுவத்தில் ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காமல் இருந்ததில்லை. இங்கே வந்தபின் ஸ்க்ரூடிரைவருக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் வைத்துச் சமாளித்து வந்தேன். அறுபது முடிய இன்னும் எட்டு மாதம். கம்பெனி விதிப்படி அறுபதில் ஓய்வு. கடைசி ஆயுத பூஜையாயிற்றே, முறையாகச் செய்வோம் என்று தோன்றியது. விதி தெரிந்தவனுக்கு ஆசை வந்தால் விதி தெரியாதவனைவிட அதிகம் கெடுப்பான்.

பதினாறு போல்ட்டுகளையும் கழற்றினேன். துடைத்தேன். வெள்ளைத் துணி விரித்து வரிசையாக அடுக்கினேன். செல்வம் கராமாவிலிருந்து பொரியும் கடலையும் வாங்கி வந்திருந்தான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு, சிவகங்கைப் பக்கம். துப்பாக்கிகளைச் சுடுவோரிடம் கொடுத்து வாங்கும் வேலை அவனுடையது. அந்த மாதம் அவன் தரையில் நடக்கவே இல்லை. ஏழு வருடம் பேச்சிலர் ரூமில் ஆறு பேரோடு படுத்திருந்தவன், எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்துவிட்டான். மனைவி மீனாவும் நாலு வயது மகள் யாழினியும் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து இறங்குவதாக இருந்தது. மகளுக்கு ஒரு குட்டி சைக்கிள் வாங்கி, அதையும் வேனில் ஏற்றிக்கொண்டுவந்து என்னிடம் எண்ணெய் போட்டுத் தரச் சொன்னான். சைக்கிளும் பூஜையில் இருந்தது.

"அண்ணே, கறுப்பு போல்ட்டெல்லாம் ஒரு பக்கமும் வெள்ளையெல்லாம் ஒரு பக்கமுமா கிடக்கு, பாக்க நல்லாவா இருக்கு? ஒண்ணு விட்டு ஒண்ணு வைப்பமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'எண் வரிசையைத் தொடாதே' என்று. நான் சொன்னது: "வை, வை. அழகா இருக்கும்."

அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் நடுநெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். போல்ட்டுக்கு நெற்றி எது? தட்டையான இடம். தட்டையான இடத்தில் என்ன இருக்கும்? நான் பொறித்த எண். பதினாறு எண்களையும் மைசூர்ச் சந்தனத்தால் மூடிவிட்டுச் சூடம் காட்டினேன். அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால் அப்படியே பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம்.

செவ்வாய்க்கிழமை காலை மாட்ட உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குத்தான் கதவு திறக்கும் என்பது விதி. எட்டேகாலுக்கு உம் சயீதின் கார் வந்துவிட்டது. கிளப்பின் மிக மூத்த உறுப்பினர் அந்த அம்மாள். பேரன் பேத்திகள் பதினொரு பேர். செவ்வாய்தோறும் ஒரு பிளாஸ்க் கஹ்வா என்ற அரபுக் காபியும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு வந்து, எல்லோருக்கும் கொடுத்து, முப்பது குண்டு சுட்டுவிட்டுப் போவார். காத்திருக்க வைக்கலாம், ஆனால் யாருக்கும் மனம் வராது.

நான் துடைத்தேன், மாட்டினேன், துடைத்தேன், மாட்டினேன். பெரும்பாலும் எண்ணைப் படிக்க முடிந்தது, ஓரிரண்டில் மட்டும் சந்தனம் காய்ந்து எண்ணுக்குள் இறுகியிருந்தது. அவற்றுக்குத் துணி வரிசையை நம்பினேன். அந்த வரிசையைத்தான் அழகுக்காக மாற்றியிருந்தோம் என்பது எனக்கு நினைவில்லை. நீண்ட கால அனுபவம் செய்கிற வேலை அது. கண் பார்க்க வேண்டியதைக் கை பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது. 'டிக்' சோதனை ஐந்து ரைபிளுக்குப் போட்டேன். மீதியைப் பிறகு போடலாம் என்று விட்டேன்.

"கையெழுத்துப் போடுடா செல்வம்."

"நம்பர் பாக்கணுமேண்ணே?"

"நான் பாத்துட்டேன். போடு."

போட்டான்.

உம் சயீத் எப்போதும் பதினோராம் எண்ணைத்தான் கேட்பார். செல்வம் எடுத்துக் கொடுத்தான். முதல் ஏழு குண்டு ஒழுங்காகப் போனது. எட்டாவதற்கு அவர் ஒரு முறை அழுத்த, 'டட்டப்' என்று இரண்டு போயின.

அந்த அம்மாள் பதறவில்லை. விதிப்படி விரலை எடுத்து, குழாயை இலக்கை நோக்கியே வைத்து, துப்பாக்கியை மேஜையில் கிடத்தி, காதுக் கவசத்தைக் கழற்றி, செல்வத்தைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார்.

"வல்லாஹி! செல்வம், யே நயா ஹே? ஏக் பார் அவுர்!" இது புதுசா, இன்னொரு தடவை சுடட்டுமா என்கிறார்.

"மாஃபி, மாமா, மாஃபி! கலாஸ்!" (இல்லை, முடிந்தது) என்று செல்வம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேஜைக்கு முன் நின்றான். இங்கே வயதான அரபுப் பெண்களை 'மாமா' என்றுதான் கூப்பிடுவது. ஊரிலிருந்து யாராவது கேட்டால் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள்.

"ஏன் கலாஸ்? இதுதான் மிக நன்றாக இருக்கிறது. எனக்கு இப்படி ஒன்று வேண்டும்," என்று அவர் பாதி இந்தியிலும் பாதி அரபியிலும் வாதாடிக்கொண்டிருக்க, கண்ணாடி அறையிலிருந்து முஹந்திஸ் ஆதில் இறங்கி வந்தார். துப்பாக்கிக்குச் சிவப்பு முத்திரை போட்டார். செல்வத்துக்குத் தேநீர் கொடுத்தார். இரண்டு கரண்டி.

ஒரு அழுத்தலுக்கு இரண்டு குண்டு போவது எந்த நாட்டிலும் விளையாட்டல்ல. யாராவது வேண்டுமென்றே உள்ளே கை வைத்தார்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். அன்றே உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தகவல் போனது. விசாரணைப் படிவம் எடுக்கப்பட்டது. படிவத்தில் 'விசாரணைக்கு உட்பட்டவர்' என்று ஒரே ஒரு கட்டம். அதன் கீழே சிறிய எழுத்தில்: 'கடைசியாகக் கையொப்பமிட்டவரின் பெயரை எழுதுக.' கடைசியாகக் கையெழுத்திட்டவன் செல்வம். அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் யார் என்று கேட்காதீர்கள். அதை வடிவமைத்த வருடம் எனக்குச் சிறந்த ஊழியர் கேடயம் கொடுத்தார்கள்.

விசாரணையில் இருக்கிறவனுக்கு அலுவலகம் எந்தக் கடிதமும் கொடுக்காது. கடிதம் இல்லாமல் குடும்ப விசா நகராது. விமானம் வர இன்னும் பத்து நாள். விசாரணை அவனுக்கு எதிராகப் போனால் மீனாவும் யாழினியும் வருவதற்குப் பதில் இவன்தான் போய் இறங்குவான், அதுவும் திரும்பி வர முடியாதபடி.

அன்று பிற்பகலே பெட்டகத்தில் பதினோராம் எண் ரைபிளை ஆதிலின் அனுமதியோடு பிரித்தேன். போல்ட்டின் எண் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ இறுகியிருந்தது. ஊசியால் சுரண்டினேன். நான்கு. நான்காம் எண் ரைபிளைப் பிரித்தேன். அதற்குள் பதினொன்று. நான்காவது ரைபிள் பாவம், சுடவே மறுத்து மூலையில் சாதுவாக நின்றிருந்தது.

மறுநாள் காலை வேனில் செல்வம் என் பக்கத்தில் உட்கார்ந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்ணே," என்றான்.

"எப்படா தெரியும்?"

"அந்தம்மா 'நயா ஹே'ன்னு கேட்டப்பவே. பூஜைல மாத்திட்டம்னு பொறி தட்டுச்சு."

"ஏன்டா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? சாமி கும்பிட்டோம், சாமி ரெண்டா சுட்டுருச்சுன்னா? உங்களுக்கு எட்டு மாசம் கிடக்கு. கெளரவமாப் போய்ச் சேருங்க. நான் எப்படியாச்சும் பாத்துக்கிறேன்."

"எப்படிப் பாத்துக்குவ?"

அவன் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். சைக்கிள் இன்னும் பின் சீட்டில்தான் இருந்தது. கைப்பிடியில் குங்குமம்.

"கூறுகெட்டவனே," என்றேன். "உனக்கு விசா ஒரு தடவைதான் கிடைக்கும். எனக்குக் கெளரவம் ஏற்கெனவே நிறைய கிடக்கு. கொஞ்சம் குறைஞ்சா வசந்தா சந்தோஷப்படுவா."

முஹந்திஸின் மேஜையில் இரண்டு போல்ட்டுகளையும் நான் நிரப்பிய அறிக்கையையும் வைத்தேன். அவர் போல்ட்டை எடுத்தார். கட்டை விரலால் தேய்த்தார். முகர்ந்தார்.

"ஸந்தல்," என்றார்.

"ஆமாம், முஹந்திஸ்."

மறுபடி முகர்ந்தார். "உயர்ந்த ரகம்."

"மைசூர்."

"ஏன்?"

பத்து நிமிடம் ஆயுத பூஜையை விளக்கினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேலை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார். முடிந்ததும் தொகுத்துச் சொன்னார்: "ஆண்டுக்கு ஒரு முறை எல்லாக் கருவிகளையும் கழற்றுகிறீர்கள். சுத்தம் செய்கிறீர்கள். ஒரு நாள் ஓய்வு கொடுக்கிறீர்கள். மறுநாள் வேலையில் சேர்க்கிறீர்கள்."

"ஆமாம்."

"யா உஸ்தாத், இது வருடாந்திரப் பராமரிப்பு. மிக நல்ல பழக்கம். இதற்கான நடைமுறைக் குறிப்பு எங்கே?"

"இல்லை."

"இருபது வருடமாக?"

"இருபது வருடமாக ஸ்க்ரூடிரைவருக்கு மட்டும்தான்."

அவர் எழுந்து போய் கெட்டிலைப் போட்டார். நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. கோப்பையை என் முன் வைத்துவிட்டு அறிக்கையில் ஸ்கேலை இறக்கினார். வரி வரியாக வந்து 'மூல காரணம்' என்ற கட்டத்தில் நின்றார். நிமிர்ந்தார்.

"இங்கே 'பக்தி' என்று எழுதியிருக்கிறீர்கள்."

"உண்மையான காரணம் அதுதான்."

"மூல காரணம் ஒரு செயல்முறையாக இருக்க வேண்டும். கடவுளாக இருக்கக் கூடாது. கடவுள்மேல் திருத்த நடவடிக்கை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து எழுதினோம்: 'எண் பொறித்த பகுதியில் நறுமணப் பசை பூசப்பட்டதால் எண் வாசிக்க இயலாமல் போனமை, பல துப்பாக்கிகளை ஒரே நேரத்தில் பிரித்தமை, இயக்கச் சோதனையை முழுமை செய்யாமை.' என் வாழ்நாளில் நான் செய்த வழிபாட்டுக்கு இவ்வளவு துல்லியமான வர்ணனை வேறு யாரும் கொடுத்ததில்லை.

பிறகு பெயர்க் கட்டத்துக்கு வந்தார். சிவப்புப் பேனாவால் செல்வத்தின் பெயரை அடித்தார். நீலப் பேனாவால் என் பெயரை எழுதினார். "பார்க்காமல் கையெழுத்திட்டதற்குச் செல்வத்துக்கு எச்சரிக்கைக் கடிதம். அவனுடைய விசாக் கடிதம் மதியத்துக்குள் தயாராகும்," என்றார். பிறகு சற்று மெதுவாக: "7.3, மூன்றாவது வாக்கியம்."

"தெரியும்."

"தயாரிப்பாளர் பதில் வரும்வரை விசாரணை திறந்தே இருக்கும். விசாரணை திறந்திருக்கும்வரை சம்பந்தப்பட்டவரைப் பணியிலிருந்து விடுவிக்கக் கூடாது. விதி 9.1. எத்தனை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்?"

"எழுதவில்லை."

"தேநீரைக் குடியுங்கள்," என்றார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் யாழினி தூக்கக் கலக்கத்தில் அப்பாவை அடையாளம் தெரியாமல் என்னைப் பார்த்து "அப்பா" என்றாள். செல்வம் தரையில் உட்கார்ந்து சிரித்தான், பிறகு அழுதான், பிறகு டிராலியைத் தப்பான கதவு வழியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

தயாரிப்பாளருக்கு நான் எழுதிய கேள்வி இரண்டு வரிதான்: 'உங்கள் பழைய ரக போல்ட்டைப் புதிய ரக டிரிக்கரோடு மாட்டலாமா? மாட்டினால், வேறு எந்தத் தலையீடும் இல்லாமலேயே இந்தக் கோளாறு வருமா?' முதல் பதில் மறு நிமிடமே வந்தது. சம்பந்தப்பட்டவர் மலையேறப் போயிருப்பதாகத் தானியங்கி அறிவித்தது. அடுத்த மாதம் போட்டோ கேட்டார்கள். அனுப்பினேன். போட்டோவில் சந்தனம் தெரிகிறது, அது துருவா என்று கேட்டார்கள். இல்லை, வழிபாடு என்றேன். பிறகு மூன்று மாதம் மெளனம். அதற்குப் பிறகு வந்த கடிதம்தான் சிகரம்: துப்பாக்கி பற்றிய தொழில்நுட்பத் தகவலை வெளிநாட்டுக்குத் தெரிவிப்பது ஏற்றுமதியாகக் கருதப்படும், எனவே எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லத் தங்கள் அரசிடம் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

படித்துவிட்டு முஹந்திஸிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் ஸ்கேல் வைத்து இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை. "மாஷா அல்லாஹ்," என்றார். "நம்மைவிடத் தேர்ந்தவர்கள்."

ஆனி மாதம் எனக்கு அறுபது முடிந்தது. பிரிவுபசார விழா ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்ததால் நடத்தினார்கள். விழாவை ஒத்திவைக்க விதி இல்லை. கேக் வெட்டினேன். உம் சயீத் ஒரு பெரிய டப்பா பேரீச்சம்பழமும், "இரண்டாகச் சுடுகிற அந்தத் துப்பாக்கி எங்கே?" என்ற கேள்வியும் கொண்டுவந்தார். எல்லோரும் கட்டித் தழுவினார்கள். செல்வம் மேடையில் கண் கலங்கினான். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அதே வேனில், அதே சீட்டில், அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"டூட்டிக்கு."

வேன் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார்.

வீட்டில் நிலைமை அவ்வளவு வேடிக்கையாக இல்லை. வசந்தா சாமான்களையெல்லாம் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டிவிட்டிருந்தாள். நான் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டிப் பட்டியல் போட்டிருந்தேன். குக்கர் ஏழாம் பெட்டியில். தினமும் காலையில் ஏழாம் பெட்டியைத் திறப்பாள், சமைப்பாள், கழுவித் துடைத்து ஏழாம் பெட்டியில் வைத்து மூடுவாள். ஒரு நாள் குக்கரை நான்காம் பெட்டியில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டா விசில் அடிக்குதான்னு பாக்குறேன்," என்றாள்.

அடுத்த ஆயுத பூஜையும் வந்துவிட்டது. இந்த முறை மறைவாக அல்ல. முஹந்திஸ் ஆதில் கையேட்டில் 7.4 என்று புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார்: 'வருடாந்திரச் சந்தனப் பராமரிப்பு. ஒரு நேரத்தில் ஒரு துப்பாக்கி. பசையை எண்ணிலிருந்து இரண்டு விரல் தள்ளி இட வேண்டும். அழகுக்காக வரிசை மாற்றுதல் கூடாது.' நான் பொட்டு வைக்க, அவர் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக நின்று ஒவ்வொன்றாகச் சரி போட்டார். பதினோராம் எண் முத்திரையோடு பெட்டகத்திலேயே இருந்தது, முத்திரைமேல் ஒரு பொட்டு வைக்க அனுமதித்தார். மீனா பெரிய பாத்திரத்தில் சுண்டல் செய்து அனுப்பியிருந்தாள். யாழினி சைக்கிளுக்குத் தானே பொட்டு வைத்திருந்ததைச் செல்வம் போனில் காட்டினான். மணிமேல், கண்ணாடிமேல், சீட்மேல், எங்கு பார்த்தாலும் பொட்டு. முஹந்திஸ் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "எண்ணை மூடவில்லை. ஏற்கப்படுகிறது," என்றார்.

மறுநாள் காலை பதினைந்து ரைபிளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, பொட்டைத் துடைத்து, மாட்டி, பதினைந்துக்கும் 'டிக்' கேட்டு, செல்வம் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்டு முடித்த நேரத்தில் கண்ணாடி அறைக் கதவு திறந்தது. முஹந்திஸின் ஒரு கையில் ஒரு தாள். மறு கையில் ஒரு கோப்பை. கோப்பையை முதலில் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையே இல்லை.

தாளில் மூன்று வரி இருந்தது. 'மாட்டக் கூடாது. மாட்டினால், வேறு தலையீடு எதுவும் இல்லாமலேயே இந்தக் கோளாறு வரும். துப்பாக்கியோடு தரப்பட்ட கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவும்.'

கடைசிப் பக்கத்தைப் பார்த்தோம். இருந்தது. இருபது வருடமாக விதிகள் எழுதிய நான் அந்தப் பக்கத்துக்கு வந்ததே இல்லை.

முஹந்திஸ் நீலப் பேனாவைத் திறந்து, ஸ்கேலை வைத்து, விசாரணைப் படிவத்தின் கடைசிக் கட்டத்தை நிரப்பினார். தயாரிப்பாளர் பதில் பெறப்பட்ட நாள்: சனிக்கிழமை. அவர் எழுதியது அவ்வளவுதான். நான் பேனாவைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் தமிழில் 'விஜயதசமி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.